இரவல் முகமும் பாத்திரப் படைப்பும்

உலகறிந்த ஒருவரின் முகத்தைக் கற்பனை மாந்தர்க்கு அணிவிப்பது, 1980களில் வெளிவந்த அமெரிக்கச் சூப்பர் ஹீரோ படக்கதைகளில் காணப்படும் உத்திகளுள் ஒன்று. இதனை ஓவியரின் விளையாட்டு என்று ஒதுக்குவாரும் உளர். கற்பனை வறுமை என்று பழிப்பாரும் உளர். இவ்விரு கருத்தும் முழுமையுடையன அல்ல என்பதை ஈண்டுச் சில சான்றுகளால் காட்ட முயல்வோம்.

உவமை தோன்றும் வகையினைத் தொல்காப்பியர் வினை, பயன், மெய், உரு என நான்காகக் கூறுவர். மெய் வடிவையும் உரு நிறத்தையும் குறிக்கும். முகவொப்புமை மெய்யளவில் பிறப்பது. அஃது அவ்வளவில் நின்றுவிடுகின்றதா, வினையாகவும் பயனாகவும் வளர்கின்றதா என்பதே நாம் ஆராயத்தக்க வினா.

கிறிஸ் கிளேர்மான்ட் எழுத, ஜான் பைர்ன் வரைந்த 'எக்ஸ்-மென்' கதையில், 1980இல் ஹெல்ஃபயர் கிளப் என்னும் பகைவர் கூட்டம் தோன்றியது. அதன் உறுப்பினனாகிய டொனால்ட் பியர்ஸ், நடிகர் டொனால்ட் சதர்லண்டின் சாயலினன். பெயரின் முற்பாதி நடிகருடையது. பிற்பாதி 1970இல் வெளிவந்த 'மாஷ்' திரைப்படத்தில் அவர் ஏற்ற பாத்திரத்தினுடையது. இதனை அறிந்தார் முறுவலிப்பர். அறியாதார் இழப்பது ஒன்றுமில்லை. இங்கு ஒப்புமை மெய்யளவில் நின்றுவிட்டது.

அக்கூட்டத்து ஜேசன் விங்கார்டின் நிலை வேறு. இவன் சாயல் பீட்டர் விங்கார்ட் என்னும் நடிகருடையது. 1966இல் 'தி அவெஞ்சர்ஸ்' என்ற பிரித்தானியத் தொலைக்காட்சித் தொடரில் இதே பெயருடைய கூட்டத்தின் தலைவராக நடித்தவர் அவர். கதையிலோ, அவ்வெழில் முகம் ஒரு பொய்த்தோற்றம். அதனுள் மறைந்திருப்பவன் 1964 முதல் அறியப்பட்ட மாயத்தோற்ற வல்லுநனாகிய மாஸ்டர்மைண்ட். அம்முகத்தைக் கொண்டே அவன் ஜீன் கிரேயின் உள்ளத்தை மயக்குகின்றான். நடிகரின் தொழில் பிறராய்த் தோன்றுவது. வஞ்சகனின் தொழிலும் அதுவே. இங்கு ஒப்புமை வினையாகிவிடுகின்றது.

பயன் வகைக்கு ஜான் கான்ஸ்டன்டைன் சான்றாவான். ஸ்டிங் என்னும் பாடகரின் முகச்சாயலில் ஒருவனை வரைய ஓவியர் ஸ்டீபன் பிஸ்ஸெட்டும் ஜான் டோட்டில்பென்னும் விரும்பினர். ஆலன் மூர் அம்முகத்துக்கு ஓர் உயிர் தந்து, 1985இல் 'ஸ்வாம்ப் திங்' கதையில் உலவவிட்டார். முகம் முந்தியது, குணம் பிந்தியது. பின்னர் 1988 முதல் 2013 வரை 'ஹெல்பிளேசர்' என்ற தனி இதழ் 300 வெளியீடுகளாக வந்தது. படக்கதை மாந்தர் பலர் மூப்பறியாதிருக்க, இவன் ஆண்டுதோறும் வயதேறி, 1993இல் நாற்பதை எய்தினான். சொல்லாலும் சூழ்ச்சியாலும் வென்று, அவ்வெற்றிக்கு நண்பரைப் பலிகொடுத்து வருந்தும் இவனை அறிய ஸ்டிங்கை அறிந்திருத்தல் வேண்டா.

முகம் இரவல் என்பதனாலேயே படைப்பு தாழ்வதில்லை. கொழுகொம்பு பிறர் நட்டதாயினும் கொடி தன் வேரால் வாழ்கின்றது. மூலமுகத்தை அறியாத வாசகர்க்கும் பாத்திரம் நிற்குமா என்று வினவுதலே தக்க அளவுகோல் எனக் கருதுகின்றோம். அவ்வளவுகோலால் பியர்ஸின் முகவொப்புமை அலங்காரமாய் அமைகின்றது. விங்கார்டும் கான்ஸ்டன்டைனும் படைப்பாக உயர்கின்றனர்.