துணி யார் கையில்? – மார்கழி நீராட்டமும் அம்மணத்தின் அரசியலும்

ஆஸ்திரேலியாவின் தென்கோடித் தீவான டாஸ்மேனியாவில், ஹோபார்ட் நகரக் கடற்கரையில், அங்கே கடுங்குளிர்க் காலமான ஜூன் மாதத்தில், வருஷத்தின் மிக நீண்ட இரவை ஒட்டிய ஒரு விடியலில் பெருங்கூட்டமொன்று அம்மணமாகக் கடலுக்குள் ஓடுகிறது. தலையில் சிவப்பு நீச்சல் குல்லாய். உடம்பில் வேறு ஒன்றுமில்லை. 2013இல் 'டார்க் மோஃபோ' விழாவின் பகுதியாக இது ஆரம்பித்தபோது போலீஸ் முதலில் முரண்டு பிடித்தது, பிறகு இறங்கி வந்தது. அதற்கப்புறம் முன்கூட்டியே பெயர் பதிந்துகொண்டு ஆயிரக்கணக்கில் வருகிறார்கள். இதை நம்மவர்களிடம் சொன்னால் இரண்டு பதில்கள்தான். ஒன்று: 'கருமம், வெள்ளைக்காரன் கலாச்சாரம்.' மற்றது நம் சிற்றிதழ் நண்பர்களுடையது: 'ஆகா, உடலின் விடுதலை!' இரண்டுமே சோம்பல். முதலாமவருக்குத் தன் வீட்டுப் பிரதிகளே தெரியாது. இரண்டாமவருக்கு, அவிழ்க்கிற கை யாருடையது என்ற கேள்வியே எழுவதில்லை.

பனிக்காலத்தில், திறந்தவெளி நீரில், கூட்டமாக, ஏற்பாடு செய்யப்பட்ட முறையில், ஆடையின்றி நீராடுவது என்று வரையறுத்துக்கொண்டால் அதற்குப் பெரிய உதாரணம் ஹோபார்ட் அல்ல, பிரயாகை. 2025 ஜனவரி 14 அன்று, நாம் இங்கே பொங்கல் வைத்துக்கொண்டிருந்த நாளில், கும்பமேளாவின் நாகா சாமியார்கள் சாம்பல் பூசிய வெற்றுடம்போடு சங்கமத்தில் இறங்கினார்கள். 13 அகாடாக்களில் எது முன்னே, எது பின்னே, எத்தனை மணிக்கு என்று நிர்வாகமே அட்டவணை போட்டது. போலீஸ் தடுப்புக் கட்டி வழிவிட்டது. பொது இடத்தில் ஆபாசச் செயலுக்கு மூன்று மாதம் வரை சிறை என்று சொல்லும் சட்டப்பிரிவு (பழைய இ.பி.கோ.வில் 294, 2024 ஜூலையில் வந்த நியாய சங்கிதையில் 296) அந்தப் பக்கம் எட்டிப் பார்ப்பதில்லை. பார்க்க வேண்டாம், நமக்கு ஆட்சேபணை இல்லை. ஆனால் அதே மரபில் தீட்சை வாங்கிய பெண் துறவிகள் தைக்காத காவித்துணி ஒன்றைச் சுற்றிக்கொண்டுதான் தண்ணீரில் இறங்குகிறார்கள். ஆணின் அம்மணம் துறவு, பெண்ணின் அம்மணம் குற்றம். எல்லாவற்றையும் துறந்த பிறகும் அவள் 'பெண்'ணாகவே மிச்சமிருக்கிறாள்.

இந்தக் கணக்கு எங்கே எழுதப்பட்டது என்று தேடினால் மனு வருகிறார். நாலாவது அத்தியாயத்தில் அம்மணமாகக் குளிக்காதே என்று விதி இருக்கிறது. அந்த விதி கதையாக மாறுவது பாகவதம் பத்தாம் ஸ்கந்தத்தில், 22ஆம் அத்தியாயத்தில். பனிப்பருவத்தின் முதல் மாதத்தில் ஆயர் பெண்கள் காத்யாயனி நோன்பிருந்து விடியலில் யமுனைக்குப் போகிறார்கள், துணியைக் கரையில் வைத்துவிட்டு இறங்குகிறார்கள். கண்ணன் துணிகளோடு மரத்தில் ஏறிக்கொள்கிறான். அதோடு நின்றிருந்தால் குறும்பு என்று விட்டுவிடலாம். அவன் பிரசங்கம் பண்ணுகிறான்: நோன்பிருக்கும்போது அம்மணமாய்க் குளித்தது தெய்வக் குற்றம், பிராயச்சித்தமாகத் தலைக்கு மேல் கைகூப்பி வெளியே வாருங்கள் என்கிறான். திருடனே நீதிபதியாகவும் இருக்கும் வழக்கு இது. பெண்கள் கட்டுப்படுகிறார்கள், துணி திரும்பக் கிடைக்கிறது.

இதே சம்பவத்தை ஆண்டாள் எடுத்துக்கொள்கிற இடம் நாச்சியார் திருமொழியின் மூன்றாம் பத்து. திருப்பாவை மார்கழி முழுக்க ஒலிபெருக்கியில் ஊரையே எழுப்பும். இதை எந்த ஒலிபெருக்கியும் தொடாது. காரணம் படித்தால் புரியும். இங்கே கண்ணனுக்கு வசனமே கிடையாது. பிரசங்கம் இல்லை, தெய்வக் குற்றம் இல்லை, விதி இல்லை. நீருக்குள் நிற்கிற பெண்களின் குரல் மட்டும்தான் பேசுகிறது. அந்தக் குரல் பேசுவது தத்துவம் இல்லை, உடம்பு. தாமரைத் தண்டு காலில் உரசுவது தேள் கொட்டின மாதிரி இருக்கிறது, மீன்கள் காலைக் கடிக்கின்றன, நின்று நின்று சோர்ந்துபோகிறோம், ஊர் ரொம்ப தூரம், இனி இந்தக் குளத்துப் பக்கமே வரமாட்டோம், துணியைக் கொடு. கெஞ்சல், முகஸ்துதி, மிரட்டல், பேரம் எல்லாம் ஒன்றுமேல் ஒன்றாக வந்து விழுகின்றன.

வைணவ உரைமரபு இதை ஆன்மா அகங்காரத்தைக் களைவதாகப் படிக்கும். அப்படிப் படிக்க அவர்களுக்கு உரிமையுண்டு. ஆனால் அந்த வாசிப்பில் மீன் கடித்த கால் எங்கே போனது? ஆன்மாவுக்குக் கால் ஏது? நம் மறுவாசிப்புக்காரர்களும் இதே தவறைத் தலைகீழாகச் செய்கிறார்கள். ஆண்டாளைப் 'பெண்ணுடலின் கொண்டாட்டம்' என்று பட்டம் கட்டிவிட்டு இந்தப் பத்தைத் தாண்டிப் போய்விடுகிறார்கள். இங்கே கொண்டாட்டமே இல்லை, பதற்றம்தான். சேவல் கூவுவதற்கு முன்னால், யாரும் பார்க்காத நேரமாகத் தேர்ந்தெடுத்து, கூட்டமாக, தங்கள் இஷ்டத்துக்குத்தான் அவர்கள் துணியைக் களைந்தார்கள். களைந்தது அவர்களுடைய தேர்வு. பறிகொடுத்த கணத்தில் அதே அம்மணம் இன்னொருவனின் தேர்வாக மாறிவிடுகிறது. உடம்பு அதேதான், தண்ணீரும் அதேதான், மாறியது துணி இருக்கும் இடம் மட்டும். பத்துப் பாட்டும் முடிந்த பிறகும் துணி திரும்பக் கிடைத்ததா என்று ஆண்டாள் சொல்வதில்லை. பாகவதத்தின் சமரசத்தை அவர் வெட்டி எறிந்திருக்கிறார். தமிழில் இதைவிடக் கறாரான ஒரு முடிவு எனக்குத் தெரியவில்லை.

ஹோபார்ட்டின் மர்மமும் இதுதான். கழற்றிய துணி கழற்றிய இடத்திலேயே கிடக்கும் என்ற நம்பிக்கையின் மேல்தான் அந்தச் சிவப்புக் குல்லாய்கள் மிதக்கின்றன. இந்த நம்பிக்கை யாருக்கெல்லாம் வாய்த்தது என்று நம் பக்கம் திரும்பிக் கேட்க வேண்டும். திருவிதாங்கூரில் நாடார் பெண்கள் மேலே துணி போட்டதற்காக அடிபட்டார்கள், துணி கிழிக்கப்பட்டது. 1859 ஜூலையில் மகாராஜா பிரகடனம் போட்டபோதுகூட, மறைத்துக்கொள்ளலாம் ஆனால் மேல்சாதிப் பெண்களைப் போல அல்ல என்று ஒரு வாலைச் சேர்த்தார். அவர்களிடம் போய் 'ஆடை விருப்பத்துக்குரியது' என்று சொன்னால் எப்படிக் கேட்டிருக்கும்? அப்புறம் தண்ணீர். 1927 மார்ச் 20 அன்று மகாத் குளத்தில் அம்பேத்கரும் மற்றவர்களும் செய்தது ஒரு கை தண்ணீர் அள்ளிக் குடித்தது மட்டும்தான். அதற்கே அடி விழுந்தது. நீராடுவதெல்லாம் ரொம்பத் தள்ளி.

நாமகிரிப்பேட்டைப் பக்கம் வருவோம். வெளியூர்க்காரர்களுக்கு இந்த ஊர் என்றால் நாகஸ்வரக் கிருஷ்ணன், இல்லாவிட்டால் விரலி, உருண்டை, பனங்காளி என்று ரகம் பிரித்து ஏலம் போகிற மஞ்சள். சுற்றுக்காடுகளில் மஞ்சளுக்குத் தண்ணீர் கொடுத்தவை கிணறுகள். மார்கழி விடியலில் கிணற்றுத் தண்ணீர் ஆவி பறக்க வெதுவெதுப்பாகத்தான் இருக்கும். குளிர் இருப்பது காற்றில், ஏறி வருகிற படியில். பசங்க அம்மணக்கட்டையா மேட்டிலிருந்து தொபுக்குனு குதிப்பாங்க, யாரும் ஒண்ணும் சொல்லமாட்டாங்க. அதிலும் எந்தப் பசங்க? தோட்டத்துக்காரர் வீட்டுப் பையனுக்குக் கிணறு விளையாட்டுச் சாமான். வளவிலிருந்து ஆடு மேய்க்க வந்த பையனுக்கு, ஆள் இல்லாத நேரத்தில் திருடின இன்பம். பெருமாள்முருகனின் 'கூளமாதாரி' (2000) இந்த வித்தியாசத்தைத் தெரிந்து எழுதப்பட்ட நாவல். அது கிணற்றில் போய் முடிவது தற்செயல் இல்லை. போர்வெல்கள் வந்து பல கிணறுகள் வற்றிய பிறகு அந்தத் திருட்டு இன்பமும் குறைந்துபோனது.

பொட்டப்புள்ளைகளுக்கு அந்தக் குதியாளம் பாவாடை கட்டும் வயசோடு முடிந்துவிடுகிறது. தை, மாசியில் மஞ்சள் வெட்டிக் கொதிக்கவைக்கிற வேலை. நாள் முழுக்க மண்ணும் புகையுமாக நின்ற பெண்கள் பொழுதுசாய மோட்டார் தொட்டியடியில் பாவாடையை மார்புக்கு மேலே ஏற்றிக் கட்டிக்கொண்டு தண்ணீர் மொண்டு ஊத்திக்கறாங்க, ஈரத்துணியோடவே வீடு போய் மாத்திக்கறாங்க. பம்புசெட் குளியலை நம் சினிமா எத்தனையோ தடவை காட்டிவிட்டது. கேமரா எப்போதும் மேட்டில்தான் நிற்கும், மரத்தில் உட்கார்ந்தவனின் இடத்தில். இந்தப் பெண்களிடம் ஹோபார்ட்டைப் பற்றித் தாராளமாகச் சொல்லலாம். சிரிப்பார்கள், சிலர் முகம் சுளிப்பார்கள். துணியை அங்கே யார் பார்த்துக்கறாங்க, மேட்டுல யாரு நிக்கறான்னு கேட்பவர்களும் இருப்பார்கள்.