அடைப்பைக் கரைக்கும் சாறு

நெஞ்சுவலி என்று செங்கல்பட்டுக்கோ காஞ்சிபுரத்துக்கோ போய்ப் பார்த்துவிட்டு ஒருவர் வாலாஜாபாத் திரும்பினால், மருந்துச் சீட்டோடு ஒரு கைவைத்தியமும் வீடு வந்து சேரும். இஞ்சி, பூண்டு, எலுமிச்சைச் சாறும் ஆப்பிள் சிடர் வினிகரும் கோப்பைக்குக் கோப்பை. நாலு கோப்பை மூன்றாகச் சுண்டியதும் அதே அளவு தேன். தினமும் வெறும் வயிற்றில் ஒரு கரண்டி. ரத்தக்குழாய் அடைப்பு கரைந்துவிடுமாம். வாட்ஸ்அப்பில் இதனுடன் தவறாமல் வரும் சொல் 'ஆன்டிஆக்ஸிடன்ட்'. அருகம்புல் சாறு, ஆவாரம்பூ டீ முதல் வைட்டமின் ஈ மாத்திரை வரை எல்லாம் இன்று அந்தச் சொல்லின் பலத்தில்தான் விற்கின்றன.

சிரித்து ஒதுக்க முடியாது, அடிப்படை சரிதான். ரத்தக்குழாயின் உட்புறம் முழுவதும் ஒற்றை அடுக்காகச் செல்கள் படர்ந்திருக்கின்றன. 1980-இல் ராபர்ட் ஃபர்ச்காட், முயலின் ரத்தக்குழாய்த் துண்டுகளில் இந்தப் படலம் உரசிப்போனால் குழாய் தளர மறுக்கிறது என்று காட்டினார். படலம் சுரந்து குழாயைத் தளர்த்தும் பொருள் நைட்ரிக் ஆக்சைடு என்பது பிறகு தெரிந்தது. இந்தக் கண்டுபிடிப்புக்கு 1998-இல் நோபல் பரிசு கிடைத்தது. சுகர், பிரஷர், பீடிப்புகை ஆகியவை குழாய்ச் சுவரில் சூப்பர்ஆக்சைடு என்னும் துடுக்கான மூலக்கூறைப் பெருக்குகின்றன. அது நைட்ரிக் ஆக்சைடைப் பிடித்துத் தின்றுவிடுகிறது, குழாய் விறைக்கிறது. 1996-இல் ஜெர்மனியில் புகைபிடிப்பவர்களின் கைத் தமனிக்குள், சூப்பர்ஆக்சைடை அடக்கும் ஆன்டிஆக்ஸிடன்டான வைட்டமின் சி-யை நேராகச் செலுத்தியபோது, விறைத்திருந்த குழாய்கள் மறுபடி விரிந்தன. சாறு விற்பவர் இதைப் படித்திருந்தால் பலகையிலேயே எழுதிவைத்திருப்பார்.

ஆனால் குழாய் சிலமணி நேரம் விரிவது வேறு, மாரடைப்பு குறைவது வேறு. கேரளத்துக் கொட்டாரக்கராவில் பிறந்து கனடாவில் பணிபுரியும் சலீம் யூசுப் நடத்திய 'ஹோப்' ஆய்வு 2000-இல் வெளியானது. இதயநோய் ஆபத்துள்ள ஒன்பதாயிரத்துக்கும் மேற்பட்டோரிடம் வைட்டமின் ஈ-யும், ராமிப்ரில் என்ற பிரஷர் மாத்திரையும் ஒரே சமயத்தில் சோதிக்கப்பட்டன. மாரடைப்பு, பக்கவாதம், இதயநோய்ச் சாவு மூன்றும் சேர்ந்து வைட்டமின் ஈ எடுத்தவர்களில் 16.2 சதவீதம், வெற்று மாத்திரை எடுத்தவர்களில் 15.5. ராமிப்ரில் எடுத்தவர்களிடம் 14; எடுக்காதவர்களிடம் 17.8. சில ஆண்டுகள் மேலும் தொடர்ந்து பார்த்தபோது, வைட்டமின் ஈ குழுவில் இதயச் செயலிழப்பு கூடியிருந்தது. பிரிட்டனில் 20,536 பேரிடம் ஈ, சி, பீட்டா கரோட்டின் மூன்றையும் ஐந்தாண்டு கொடுத்துப் பார்த்தும் பயனில்லை. ஃபின்லாந்தின் புகைபிடிக்கும் ஆண்களிடம் பீட்டா கரோட்டின் மாத்திரை நுரையீரல் புற்றுநோயை 18 சதவீதம் கூட்டியது.

ராமிப்ரிலுக்குக் கைகூடியது வைட்டமினுக்கு ஏன் கூடவில்லை? சூப்பர்ஆக்சைடு நைட்ரிக் ஆக்சைடோடு சேரும் வேகத்துக்கு வைட்டமின் ஈடுகொடுக்காது. ஊசியில் ஏற்றினால் வைட்டமின் சி எட்டும் அளவை வாய்வழி எட்ட முடியாது. மிச்சத்தைச் சிறுநீரகம் வெளியே தள்ளிவிடும். ராமிப்ரில் வேரிலேயே கைவைக்கிறது: ஆஞ்சியோடென்சின் என்னும் ஹார்மோன் குறைய, சூப்பர்ஆக்சைடைப் பெருக்கும் நொதியும் அடங்குகிறது. ஒழுகும் குழாயை மூடுவதற்கும் தரையைத் துடைத்துக்கொண்டே இருப்பதற்கும் உள்ள வித்தியாசம் இது. அதே வகை மருந்தான எனலாப்ரில் ஆரம்ப சுகாதார நிலையத்தில் இலவசமாகவே கிடைக்கிறது. 2021 முதல் தமிழக அரசின் 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டம் பிரஷர், சுகர் மாத்திரைகளை வீட்டுக்கே கொண்டுவருகிறது. இலவசம் என்பதாலேயே மதிப்புக் குறைவோ என்று எனக்கு ஒரு சந்தேகம் உண்டு.

அப்படியானால் கீரையும் நெல்லிக்காயும் வீணா? இல்லை. கீரைக்கும் பீட்ரூட்டுக்கும் நல்லது செய்யும் திறன் இருக்கிறது. ஆனால் அதில் ஆன்டிஆக்ஸிடன்டுக்குப் பங்கு குறைவு. அவற்றிலுள்ள நைட்ரேட்டை நாக்கிலுள்ள பாக்டீரியா நைட்ரைட்டாக்க, உடல் அதிலிருந்து நைட்ரிக் ஆக்சைடு தயாரிக்கிறது. லண்டனில் 2015-இல் வெளியான சோதனையில், பிரஷர்காரர்கள் தினம் 250 மில்லி பீட்ரூட் சாறு குடித்ததில் மேல் அளவு எட்டுப் புள்ளி போல இறங்கியது. காரணத்தைத் தவறாகச் சொன்னால் என்ன கெட்டுவிட்டது என்று கேட்கலாம். கெடுகிறது: கீரையின் குணம் ஆன்டிஆக்ஸிடன்ட்தான் என்று நம்பினால், அதைப் பிழிந்து, காய்ச்சி, டப்பாவில் அடைத்து விற்பவன் சொல்வதையும் நம்ப வேண்டிவரும். சாறு என்பதாலேயே சாதுவும் அல்ல. கொலஸ்ட்ரால் குறைய இரும்பன்புளிச் சாறு குடித்த பத்துப் பேருக்கு ஆக்சலேட் படிந்து சிறுநீரகம் பழுதானதைக் கேரள மருத்துவர்கள் 2013-இல் பதிவுசெய்தார்கள்.

இந்தியச் சான்றும் கைகொடுக்கவில்லை. பழமும் காயும் நிறைந்த உணவு மாரடைப்புக்குப் பின் உயிரிழப்பைப் பெரிதும் குறைத்ததாக மொராதாபாத்திலிருந்து 1992-இல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் வந்த கட்டுரை உலகெங்கும் மேற்கோள் காட்டப்பட்டது. அதன் தரவுகள் மீது சந்தேகம் எழ, 2005-இல் அந்த இதழே எச்சரிக்கைக் குறிப்பு வெளியிட்டது.

சாற்றுக்கு ஒரு பெருமை தாராளமாகக் கொடுக்கலாம்: சர்க்கரை போட்ட டீயின் இடத்தில் அது வந்தால் லாபமே. பிரஷர் மாத்திரையின் இடத்தில் வந்தால்தான் ஆபத்து. அந்த இடத்தையும் அது சில வேளை பிடித்துவிடுகிறது. இன்னொன்றையும் அது மறக்கடிக்கிறது. ஜல்லியும் எம்-சாண்டும் ஏற்றிய லாரிகள் ஊருக்குள் ஓடும் சாலையில், அவை கக்கும் டீசல் புகையின் நுண்துகள் நுரையீரல் வழியாக அதே குழாய்ப் படலத்தைத்தான் தாக்குகிறது. பஜ்ஜிக் கடையில் திரும்பத் திரும்பக் காயும் எண்ணெயும் அப்படித்தான். காய்ச்சக் காய்ச்ச எண்ணெயில் சேரும் துருவச் சேர்மங்கள் 25 சதவீதம் தாண்டினால் கொட்டிவிட வேண்டும் என்ற விதி 2018 ஜூலையிலிருந்து இருக்கிறது. அதை அளந்து பார்ப்பது உணவுப் பாதுகாப்பு அலுவலரின் வேலை. காலையில் சாறு குடிப்பவர் எத்தனை கரண்டி கூட்டினாலும் அந்த வேலை நடந்துவிடாது.