குத்துவது படமா, பெட்டியா?

தஞ்சாவூர்ச் சீமைக்காரனுக்குப் பச்சையில் பேதம் தெரியும். நாற்றங்காலின் பச்சை வேறு. தூர் கட்டிய பயிரின் பச்சை வேறு. புதிய டெலிவிஷன் பெட்டிக்கு இந்தப் பேதமெல்லாம் இல்லை. ‘விவிட்’ என்ற அமைப்பில் எல்லாமே கிளிப்பச்சைதான். கடை வெளிச்சத்தில் கண்ணைப் பறிக்கச் செய்த ஒப்பனை அது. வீட்டுக் கூடத்துக்கு ஆகாது.

தஞ்சைச் சீமையின் நாதஸ்வரத்தையும் சதங்கையையும் கதையாக்கிய ‘தில்லானா மோகனாம்பாள்’ 1968-ல் வந்த படம். அதை இந்த ஒப்பனையோடு பார்த்தேன். பட்டுப் புடவை எரிகிறது. முகங்களில் செம்மண் பூசியிருக்கிறது. போதாததற்கு ‘மோஷன் ஸ்மூத்திங்’ வேறு. சினிமா என்பது விநாடிக்கு 24 படங்கள். அவற்றின் நடுவே, யாரும் எடுக்காத படங்களைப் பெட்டி தானே கற்பித்துச் செருகுகிறது. வித்வான் வேண்டுமென்றே விட்ட இடைவெளியில் பக்கத்திலிருப்பவர் ஊதினால் எப்படி இருக்கும்? அப்படி இருக்கிறது ஆட்டம்.

பரிகாரம் எளிது. ஸ்கார்செஸி, நோலன் முதலிய டைரக்டர்களின் ஆதரவோடு 2019-ல் அறிவிக்கப்பட்ட ‘ஃபிலிம்மேக்கர்’ அமைப்பு இருந்தால் அதை வையுங்கள், இல்லாவிட்டால் ‘சினிமா’. ஸ்மூத்திங்கை நிறுத்துங்கள், ‘ஷார்ப்னெஸ்’ஸைக் குறையுங்கள். முதல் நாள் மங்கலாகத் தோன்றும். நாலு நாளில் கண் பழகிவிடும்.

பழைய கலர்ப் படங்கள் கண்ணைக் குத்துகின்றன என்று இன்று பலர் தீர்ப்புச் சொல்கிறார்கள். குத்துவது படமா, பெட்டியா என்று பார்த்த பிறகல்லவா தீர்ப்பு?