கூரைக்குக் கீழே இருப்பவருக்கு என்ன உரிமை?

டெல்லி சாந்தினி சவுக்கில் இருந்த மணிக்கூண்டு 1951இல் இடிந்து விழுந்து, கீழே இருந்தவர்கள் இறந்தார்கள். கட்டடம் மாநகராட்சிக்குச் சொந்தம். வயது எண்பது, கட்டப் பயன்பட்ட காரைக்கோ நாற்பது, நாற்பத்தைந்து ஆண்டுதான் ஆயுள். இடிந்து விழுந்தது என்பதிலிருந்தே கவனக்குறைவை ஊகிக்கலாம், அப்படி இல்லை என்று காட்டுவது உரிமையாளரின் பொறுப்பு என்று 1966இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. குறை வெளியே தெரியவில்லை என்ற வாதமும் எடுபடவில்லை.

அது தெருவோரக் கட்டடம் பற்றிய தீர்ப்பு. அதேபோன்ற பழைய வீடொன்றின் மாடிப் போர்ஷனில், மாதம் பிறந்ததும் வாடகையை எண்ணி வைக்கும் ஒருவர் தலையில் சீலிங் பெயர்ந்து விழுந்தால், அவருக்கு இவ்வளவு உறுதியான பிடிமானம் கிடையாது. இடியும் நிலையிலுள்ள கட்டடத்தைச் சரிசெய்யவோ அகற்றவோ நிர்வாக நடுவர் உத்தரவிட ஒரு பிரிவு இருக்கிறது. பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவில் அது 152ஆவது பிரிவு. அதுவும் அக்கம்பக்கத்தில் வசிப்பவர், அங்கே தொழில் செய்பவர், அவ்வழியே போகிறவர் ஆகியோருக்கு வரும் ஆபத்தைத்தான் சொல்கிறது. உள்ளே படுத்திருப்பவர் அந்த வாசகத்தில் இல்லை. வழிப்போக்கரைவிட வாடகை கொடுப்பவர் சட்டத்தின் கண்ணில் குறைந்தவராக இருக்கிறார் என்பதே என் குற்றச்சாட்டு. தமிழ்நாட்டின் 2017ஆம் ஆண்டு வாடகைச் சட்டத்துக்கு இதைத் திருத்தும் வாய்ப்பு இருந்தது. திருத்தவில்லை.

இந்த ஏற்றத்தாழ்வின் வேர் இங்கிலாந்தில் இருக்கிறது. 1906இல் பிரபுக்கள் சபை தீர்த்த கவலியர் எதிர் போப் வழக்கில், பாழடைந்த வாடகை வீட்டைப் பழுதுபார்த்துத் தருவதாக உரிமையாளர் தரப்பு கணவரிடம் வாக்குக் கொடுத்திருந்தது. பார்க்கவில்லை. அடுக்களைத் தரை உடைந்து மனைவிக்குக் காயம். ஒப்பந்தம் கணவரோடுதானே, மனைவிக்கு அதில் என்ன உரிமை என்று கேட்டு வழக்கைத் தள்ளினார்கள். ஏமாற்று இல்லாதவரை இடிந்துவிழும் வீட்டை வாடகைக்கு விடுவது குற்றமல்ல என்ற பழைய கோட்பாடு அதற்கு அடித்தளம். ஆனால் இங்கிலாந்து அங்கேயே நின்றுவிடவில்லை. உரிமையாளருக்குப் பழுதுபார்க்கும் கடமை உள்ள வீட்டில், குறைபாடு அவருக்குத் தெரிந்திருந்தாலோ தெரிந்திருக்க வேண்டியதாக இருந்தாலோ, அதனால் பாதிக்கப்படக்கூடிய எவருக்கும் அவர் பொறுப்பாளி என்று 1972ஆம் ஆண்டின் சட்டம் சொன்னது. மனைவி, பிள்ளை, விருந்தாளி, வேலைக்கு வருபவர் எல்லாரும் அதற்குள் வந்துவிட்டார்கள். மனிதர் வாழத் தகுந்ததாக வீடு இருக்க வேண்டும் என்ற சட்டம் 2019 மார்ச்சில் நடைமுறைக்கு வந்தது.

நம்முடைய புதிய வாடகைச் சட்டம் அதற்கு ஒரு மாதம் முன்னால், 2019 பிப்ரவரி 22 அன்று நடைமுறைக்கு வந்தது. அதுவரை 1960ஆம் ஆண்டுச் சட்டம் இருந்தது. அதற்கும் பின்புலத்தில் 1882இன் சொத்து மாற்றச் சட்டம்; அதன் 108ஆவது பிரிவு, உரிமையாளருக்குத் தெரிந்த, குடிவருபவர் சாதாரணக் கவனத்தில் கண்டுபிடிக்க முடியாத குறையை மட்டும் சொல்லிவிடும்படி கேட்கிறது. சுவரில் பளிச்சென்று தெரியும் விரிசலுக்கு அங்கே இடமில்லை. பார்த்துத்தானே வந்தீர்கள் என்பதே அதன் நிலைப்பாடு.

புதிய சட்டத்தில் நல்லவை உண்டு. யார் எதைப் பழுதுபார்ப்பது என்பதை இரண்டாம் அட்டவணையில் எழுதிவைத்தது பெரிய முன்னேற்றம். கட்டுமானப் பழுது, குழாய் மாற்றுவது, உள்ளும் புறமும் மின் வயரிங் ஆகியவை உரிமையாளர் பொறுப்பு. அவர் செய்ய மறுத்தால் குடியிருப்பவரே செய்துகொண்டு வாடகையில் கழிக்கலாம். ஆனால் ஒரு மாத வாடகையில் பாதிக்கு மேல் கழிக்க முடியாது. வாழவே முடியாத நிலையென்றால் எழுத்தில் பதினைந்து நாள் அவகாசம் கொடுத்துவிட்டு வெளியேறலாம், அல்லது வாடகை அதிகாரியிடம் போகலாம்.

இந்த உரிமைகள் எதற்குப் போதும்? ஒழுகும் குழாய்க்குப் போதும். கம்பி துருப்பிடித்து ஊதி, காங்கிரீட்டைத் தள்ளிக்கொண்டிருக்கும் தளத்துக்குப் போதாது. எட்டாயிரம் ரூபாய் வாடகை தருபவர் மாதம் நாலாயிரம் கழித்துக்கொண்டு அடுத்தவர் வீட்டுக் கூரையைப் பலப்படுத்த முடியாது. வெளியேறலாம் என்பதும் புது வீட்டுக்கு அட்வான்ஸ் தரப் பணம் கையில் இருப்பவருக்கான வழி. பழைய அட்வான்ஸ் திரும்பி வந்தால்தான் புது வீடு என்றிருக்கும் குடும்பம், ஆபத்து தெரிந்தே அங்கேயே படுக்கும். அதை அவர்களின் சம்மதம் என்று எடுத்துக்கொள்வது அநியாயம்.

அட்டவணையின் மறுபக்கம் இன்னும் கவலை தருகிறது. சுவிட்ச், சாக்கெட், சர்க்யூட் பிரேக்கர், கீசர் ஆகியவற்றின் பழுது குடியிருப்பவர் தலையில் வைக்கப்பட்டிருக்கிறது. செலவுக் கணக்காகப் பார்த்தால் நியாயம்தான். சில நூறு ரூபாய் வேலைக்கு உரிமையாளரை அழைக்க வேண்டாம். ஆனால் ஒரு வீட்டில் உயிரை எடுக்கக்கூடிய பொருள்களும் இவையே. உரிமையாளர் பொருத்திய கீசரில் மின்கசிவு. சுவரில் அவர் இழுத்த வயரிங்கில் எர்த் இல்லை. குளிக்கப் போனவர் ஷாக் அடித்து விழுந்தால் குற்றம் கீசருடையதா, வயரிங்குடையதா? செலவைப் பிரிப்பதற்காக எழுதிய பட்டியல், விபத்துக்குப் பிறகு பழியைத் தட்டிவிடும் ஆவணமாகிவிடும்.

காயத்துக்கான நஷ்டஈடு பற்றிச் சட்டத்தில் பேச்சில்லை. வாடகை அதிகாரி, வாடகை நீதிமன்றம், தீர்ப்பாயம் என்ற மூன்று படியும் வாடகை, பழுது, காலிசெய்தல் ஆகியவற்றுக்கானவை. முதுகெலும்பு முறிந்தவர் உரிமையியல் நீதிமன்றத்துக்குத்தான் போக வேண்டும்: கேட்கும் தொகையில் 3 சதவீதம் கட்டணம், கவனக்குறைவை மெய்ப்பிக்கும் சுமை, ஆண்டுக் கணக்கில் வாய்தா. அதே மனிதர் தெருவில் வண்டி மோதி விழுந்திருந்தால் அவருக்கென்று தனித் தீர்ப்பாயம் உண்டு. மோட்டார் வாகனச் சட்டத்தின் 164ஆவது பிரிவின்படி, யார் தவறு என்று நிரூபிக்காமலே கொடுங்காயத்துக்கு இரண்டரை லட்சம், உயிரிழப்புக்கு ஐந்து லட்சம் கேட்கலாம். வீட்டுக்குள் அடிபட்டவருக்கு இதில் எதுவும் இல்லை.

புகார் செய்பவரின் நிலையையும் எண்ண வேண்டும். எழுத்து ஒப்பந்தம் செய்யத் தவறினால் அதையே காரணமாக்கிக் காலிசெய்யக் கேட்கச் சட்டம் அனுமதிக்கிறது. வாய்ப்பேச்சில் குடியிருக்கும் ஒருவர் கூரையைப் பற்றி எழுத்தில் புகார் கொடுக்கும்போது, தன் குடித்தனத்தையே பணயம் வைக்கிறார்.

உரிமையாளர் தரப்பு வாதம் எளிதில் தள்ளக்கூடியதல்ல. ஓய்வூதியத்தில் காலம் தள்ளிக்கொண்டு மாடியில் ஒரு போர்ஷனை விட்டிருப்பவரால் ஒரு பெரிய நஷ்டஈட்டைத் தாங்க முடியாது. பொறுப்பைக் கண்மண் தெரியாமல் ஏற்றினால் வாடகை ஏறும், வீடுகள் பூட்டிக் கிடக்கும். கலிபோர்னியா இதை அனுபவத்தில் கண்டது. குளியலறைக் கண்ணாடிக் கதவு உடைந்து குடியிருந்தவருக்குக் காயம் ஏற்பட்ட வழக்கில், கண்ணாடியின் குறை தெரியாவிட்டாலும் உரிமையாளரே பொறுப்பு என்று அதன் உச்ச நீதிமன்றம் 1985இல் தீர்ப்பளித்தது. பத்தாண்டு கழித்து அதே நீதிமன்றம் அதைக் கைவிட்டது. பின்வாங்கியது சரி என்றே நினைக்கிறேன். தான் செய்யாத, அறியவும் வழியில்லாத குறைக்கு ஒருவரைப் பிடிப்பது நியாயமாகாது.

நியூ ஹாம்ப்ஷயர் 1973இல் எடுத்த நிலைப்பாடு எனக்கு ஏற்புடையது. செங்குத்தான வெளிப்படிக்கட்டிலிருந்து நான்கு வயதுக் குழந்தை விழுந்து இறந்த வழக்கு அது. வீட்டு உரிமையாளருக்கென்று சட்டம் காலங்காலமாகத் தந்துவந்த விலக்கை அந்த நீதிமன்றம் நீக்கியது. மற்ற எவரையும் போல அவரும் நியாயமான கவனத்தோடு நடக்க வேண்டும், அவ்வளவே என்றது. மாடிப் போர்ஷன்காரரை இது நசுக்காது. கம்பி வெளியே தெரியும் தளத்தைப் பார்த்தும் வாடகை வாங்கிக்கொண்டிருப்பவரைத்தான் பிடிக்கும்.

ஆகவே என் தீர்ப்பு: 2017இன் சட்டம் வாடகையை ஒழுங்குபடுத்தும் சட்டமாகத் தேறுகிறது, உயிரைக் காக்கும் சட்டமாகத் தேறவில்லை. அதில் ஒரு பிரிவு சேர வேண்டும். தெரிந்த அல்லது தெரிந்திருக்க வேண்டிய குறையால் வீட்டில் யாருக்குக் காயம் பட்டாலும், ஒப்பந்தத்தில் பெயர் இருந்தாலும் இல்லாவிட்டாலும், உரிமையாளர் பொறுப்பு. அதை எந்த ஒப்பந்த வரியாலும் தட்டிக்கழிக்க முடியாது. உரிமையாளர் பொருத்திய மின்சாதனங்களும் சர்க்யூட் பிரேக்கரும் அவர் பக்கத்துக்கு மாற வேண்டும். வாடகை நீதிமன்றமே காயத்துக்கான நஷ்டஈட்டையும் விசாரிக்க வேண்டும். பாதுகாப்பு பற்றி எழுத்தில் புகார் கொடுத்தவரை, ஒப்பந்தம் இல்லை என்ற காரணத்துக்காக, பழுது தீரும்வரை காலிசெய்யச் சொல்லக்கூடாது. இவற்றில் முதலாவதற்குச் சட்டமன்றம் புதிதாக யோசிக்கக்கூட வேண்டியதில்லை. 1972இல் இங்கிலாந்து எழுதிய பிரிவு அரை நூற்றாண்டாக நடைமுறையில் இருக்கிறது.