ஹகீம் ஏன் கொல்ல வேண்டும்?

கணினி விளையாட்டு ஒன்றைப் பற்றி இப்பக்கங்களில் எழுத வருவது சிலருக்கு உவப்பாயிராது. கவிதைக்கும் கதைக்கும் போதாத இடத்தைப் பொடியன்மாரின் பொழுதுபோக்குக்குக் கொடுப்பதா என்று கேட்பார்கள். கேட்கட்டும். நம்மிடையே விளையாட்டுகள் பற்றி எழுதப்படுபவை பெரும்பாலும் இரண்டு வகைதான். ஒன்று, ஹலாலா ஹராமா என்று தீர்ப்புச் சொல்வது. மற்றது, எட்வர்ட் ஸெய்த்தின் 1978ஆம் ஆண்டு நூலின் பெயரை உச்சரித்து, திரையில் தலைப்பாகை தெரிந்தவுடன் 'கீழைத்தேயவாதம்' என்று முத்திரை குத்திவிட்டு எழுந்து போவது. இரு சாராரும் பிரதியைத் தொட்டதில்லை. ஒரு நாவலை வாசிக்காமல் விமர்சிப்பவனை நாம் விடுவதில்லை. விளையாட்டை விளையாடாமல் விமர்சிப்பவனுக்கு மாத்திரம் ஏன் இந்தச் சலுகை?

நான் சொல்ல வருவது 'பட்டில் ஃபோ வெஸ்நொத்' பற்றி. டேவிட் வைட் என்பவர் 2003இல் தொடங்கியது. காசு கொடுத்து வாங்க வேண்டியதில்லை. பழைய கணினியிலும் ஓடும். உள்ளே உள்ள கோப்புகளை எவரும் திறந்து மாற்றலாம். கொலன்னாவையில் எங்கள் ஒழுங்கையிலுள்ள ஒரு வீட்டில் அது வந்து சேர்ந்ததற்கு முதலிரு காரணங்களே போதுமாயிருந்தன. அந்த வீட்டு நானாவும் தம்பியும் ஒரே கணினியின் முன் மாறி மாறி உட்கார்ந்து, ஒருவன் நகர்த்தும்போது மற்றவன் முகத்தைத் திருப்பிக் கொண்டு விளையாடுவார்கள். ஆளில்லாத நாட்களில் என்னையும் கூப்பிடுவார்கள். அப்படித்தான் எனக்குப் பழக்கம்.

விளையாட்டு இதுதான். அறுகோணக் கட்டங்களால் ஆன நிலப்படம். கிராமங்களைப் பிடித்தால் பொன் வரும். பொன்னைக் கொடுத்துப் படை திரட்ட வேண்டும். யாரைத் திரட்டுவது என்பதில்தான் பாதி ஆட்டம் முடிந்துவிடுகிறது. எதிரி எலும்புக்கூட்டுப் படையோடு வந்தால் ஈட்டியும் வாளும் அதிகம் எடுபடாது. தீயும் தடியும்தான் உடைக்கும். குதிரை வந்தால் ஈட்டி வேண்டும். காலாட்படை முழுவதையும் வலியவர்களாக வாங்கினால் பொன் தீர்ந்து, வரிசையில் ஓட்டை விழும். அதோடு பகலும் இரவும் உண்டு. விடியல், காலை, பிற்பகல், அந்தி, முதல் யாமம், இரண்டாம் யாமம் என ஆறு பொழுதுகள் சுழன்று வருகின்றன. சிலர் பகலில் கால்வாசி பலம் கூடிப் போரிடுவார்கள், இரவில் அதே அளவு தளர்வார்கள். ஓர்க்குகளும் பேய்ப்படைகளும் மறுதலை.

படைஞன் தன் அனுபவப் புள்ளி நிறைந்ததும் அடுத்த படிக்கு உயர்கிறான். அங்கே வழி பிரிகிறது. ஈட்டிக்காரன் வாள்வீரனாகலாம், நெடுவேல்காரனாகலாம், எறிவேல்காரனாகலாம்; மந்திரவாதி தீயின் பக்கம் போகலாம் அல்லது குணப்படுத்தும் வெள்ளை மந்திரவாதியாகலாம். ஒன்றைத் தெரிந்தால் மற்றதற்குத் திரும்ப முடியாது. செத்தவனும் திரும்புவதில்லை. தொடர்கதையாக வரும் போர்களில், போன போரில் தப்பியவனை இருபது பொன் கொடுத்துத் திரும்ப அழைக்கலாம். அவனுக்கு ஒரு பெயர் இருக்கும், ஓரிரு சுபாவங்கள் இருக்கும். முதற் போரில் எவனையோ அனுப்பிய கை, ஐந்தாம் போரில் அதே ஆளை அனுப்பத் தயங்குகிறது. பாத்திர வார்ப்பு என்று சிறுகதை விமர்சனத்தில் நாம் சொல்வது இங்கே கதையாசிரியன் எழுதிய வரிகளால் நடப்பதில்லை. யாரைக் காப்பாற்றினோம் என்ற நம்முடைய கணக்கினால் நடக்கிறது. இதை இலக்கியமல்ல என்று தள்ளிவிட எனக்கு மனம் வரவில்லை.

2014 நவம்பரில் வந்த 1.12 பதிப்பில், பலர் கூடி ஆடும் பகுதியில், 'கலிபாத்' என்ற படை இருந்தது. பாலைநிலத்து மக்கள். ஆட்களின் பெயர்களெல்லாம் அறபு: ஜுந்தி, ஆரிஃப், ராமி, ஹகீம், நஃப்பாத், காஸி, பதல், காலித். எங்கள் பொடியன்மார் வேறெந்தப் படையையும் தொடாமல் இதிலேயே கிடந்ததற்குப் பெயர்கள்தான் காரணம். எல்ஃபுகளின் பெயர்களை அவர்கள் உச்சரிக்கப் பட்ட பாடு எனக்குத் தெரியும். ஜுந்தியை உச்சரிக்க யாரும் சொல்லிக்கொடுக்க வேண்டியிருக்கவில்லை.

ஸெய்த்தைக் கையில் வைத்துக்கொண்டு வருபவருக்கு இங்கே ஓர் ஏமாற்றம் உண்டு. 1999இல் வந்த 'ஹீரோஸ் ஒஃப் மைட் அன்ட் மஜிக்'கின் மூன்றாம் பாகத்தில் ஜின் வருவது மந்திரவாதிகளின் கோபுர நகரத்தில். கிழக்கு என்றால் மாயம், ஆயிரத்தோர் இரவுகள், விளக்கு. பழகிப்போன பார்வை. வெஸ்நொத்தில் நிலைமை தலைகீழ். எல்ஃபிடம் மந்திரம் உண்டு, மனிதர்களிடம் உண்டு, இறந்தோரை எழுப்புவோரிடம் உண்டு. பாலைநில மக்களிடம் இல்லை. அவர்களிடம் இருப்பது மருந்து, குதிரை, எண்ணெய்த் தீ. மாயாஜால உலகொன்றில் புத்தியை மாத்திரம் நம்பி நிற்கும் ஒரு கூட்டமாக இவர்களை ஆக்கிய அந்த வடிவமைப்பாளர்கள் யாராயிருந்தாலும், வரலாறு கொஞ்சம் வாசித்தவர்கள். நஃப்பாத் கற்பனையல்ல, அப்பாஸியப் படைகளில் நஃப்த்து எறிவோர் தனிப் பிரிவாகவே இருந்தனர். (எண்ணெய் எரிந்தால் எப்படியிருக்கும் என்று கொலன்னாவைக்காரனுக்கு விளக்கத் தேவையில்லை. 1995 ஒக்டோபர் 20ஆம் திகதி இங்குள்ள தாங்கிகள் தாக்கப்பட்டு எரிந்தபோது எழுந்த புகையை இவ்வூரார் மறக்கவில்லை. நஃப்பாத்தை வாங்கும்போதெல்லாம் எனக்குக் கை கூசும். தம்பிக்காரனுக்கு அந்தக் கூச்சம் இல்லை. அவன் அப்போது பிறக்கவேயில்லை.)

இன்னொன்று. இப்படையில் ஒரு பகுதியினர் பகலுக்கும் உரியவரல்லர், இரவுக்கும் உரியவரல்லர். ஒளியும் இருளும் சந்திக்கும் பொழுதில்தான் அவர்கள் சிறப்பு. சுபஹுக்கும் மஃரிபுக்கும் எழுந்து பழகிய சமூகத்துக்கு இதைவிடப் பொருத்தமான போர்க் குணத்தை வேண்டுமென்றே தேடினாலும் கண்டுபிடிக்க முடியாது. அப்படி எண்ணித்தான் வைத்தார்களா என்பது வேறு விடயம். பிரதி அப்படி வாசிக்க இடம் தருகிறது.

குறை படிவரிசையில் இருக்கிறது. ஆரிஃப் கீழ்ப்படியில் நிற்கிறான். காஸி அவனுக்கு மேலே. ஆரம்பகாலப் படையில் ஆரிஃப் ஒரு சிறு குழுவின் பொறுப்பாளன், அந்த அர்த்தத்தில் சரி. ஆனால் தமிழ் முஸ்லிமின் காதில் அந்தச் சொல் வேறு விதமாக விழுகிறது. மஃரிபா அடைந்தவரையல்லவா நாம் ஆரிஃப் என்கிறோம். ஞானி தேர்ச்சி பெற்றுப் போர்வீரனாகிறான் என்ற ஏணியை நம் ஸூபிப் புலவர்கள் எவரும் ஏற்க மாட்டார்கள்.

அதைச் சொல்லிழுக்கு என்று விட்டுவிடலாம். விட முடியாதது ஹகீமின் கதை. ஹகீமின் வேலை, பக்கத்துக் கட்டங்களில் நிற்கும் காயக்காரரின் காயத்தை ஒவ்வொரு சுற்றிலும் ஆற்றுவது. அவர் இல்லாமல் இப்படை நிற்காது. நான் படை சேர்க்கும்போது மூன்று சண்டைக்காரருக்கு ஒரு ஹகீம் என்று வைப்பேன்; பொடியன்மார் முதலில் எல்லாப் பொன்னையும் தீக்கும் குதிரைக்கும் கொட்டித் தோற்று, பிறகுதான் அந்தக் கணக்குக்கு வந்தார்கள். ஹகீம் உயர்ந்தால் தபீப். உயர்வதற்கு அனுபவப் புள்ளி வேண்டும். புள்ளி எதற்குக் கிடைக்கிறது? முதற்படி எதிரியோடு மோதினால் ஒன்று. அவனைக் கொன்றால் எட்டு. இரண்டாம் படியானைக் கொன்றால் பதினாறு. ஆற்றிய காயத்துக்குப் புள்ளியில்லை. நூறு பேரை மரணத்திலிருந்து மீட்ட ஹகீம் முதல் நாள் நின்ற படியிலேயே நிற்பார்.

ஆகவே விளையாடத் தெரிந்தவர்கள் ஒரு தந்திரம் செய்கிறார்கள். மற்றவர்கள் எதிரியை அடித்துக் குற்றுயிராக்கி ஒதுங்கிக் கொள்வார்கள். இறுதி அடியை ஹகீம் அடிப்பார். "மாமா, அடிச்சி முடிச்சிடாதீங்க, ஹகீமுக்கு வைங்க" என்று தம்பிக்காரன் பதறிய குரல் இன்னும் காதில் இருக்கிறது. மருந்துப் பையோடு நின்ற மனிதர், சாகக் கிடப்பவனிடம் அழைத்துச் செல்லப்படுகிறார். அவனைக் கொன்றதும் உயர்கிறார். இப்போது அவர் மேலும் சிறப்பாகக் குணப்படுத்துவார். விளையாட்டு இதற்காக வெட்கப்படுவதில்லை. ஒரு வரி விளக்கமும் தருவதில்லை. வெஸ்நொத்தின் வைத்தியர் அனைவருக்கும் இதுவே விதி என்பதையும் சொல்லியாக வேண்டும். எல்ஃபு வைத்தியச்சியும் வெள்ளை மந்திரவாதியும் இப்படித்தான் தேறுகிறார்கள். ஆனால் அவர்களின் பெயர் ஹகீம் அல்ல. ஹகீம் என்று பெயரிட்டபின் அந்தச் சொல்லின் பாரத்தையும் பிரதி சுமக்க வேண்டும். நமக்கு அது யூனானி வைத்தியரின் பெயர். ஹிக்மத் என்ற சொல்லோடு பிறந்த பெயர்.

நம் மரபில் காயம் ஆற்றியவர்களுக்கு இடம் இருந்தது. அகழ்ப்போரில் காயமுற்ற ஸஅத் இப்னு முஆதை நபியவர்கள் ருஃபைதா (ரலி) அவர்களின் கூடாரத்தில் வைத்துப் பராமரிக்கச் செய்தார்கள். பள்ளிவாசலிலேயே அக்கூடாரம் இருந்தது. யாரையும் கொன்றா ருஃபைதா அந்த இடத்தைப் பெற்றார்? உஹதில் நுஸைபா (ரலி) தண்ணீர்த் தோற்பையோடு காயக்காரரைக் கவனிக்கப் போனவர்; நிலைமை புரண்டபோதே வாளெடுத்தார். அவரைப் போர் மாற்றியது உண்மை. ஆனால் வாளெடுத்ததால் அவருடைய தண்ணீர் மேலும் குளிர்ந்தது என்று எவரும் எழுதவில்லை.

ஆட்டம் என்றாலே இப்படித்தான் என்று சொல்லாதீர்கள். பத்தாம் நூற்றாண்டு பக்தாதில் அஸ்-ஸூலி ஆடிய ஷத்ரன்ஜில் காலாள் கடைசி வரிசையை அடைந்தால் ஃபிர்ஸானாக உயர்வான். எத்தனை பேரை வெட்டினான் என்று கேட்பதில்லை. நடந்து போய்ச் சேர்ந்தால் போதும். ஒருவரையும் தொடாமல் போய்ச் சேர்ந்தவனுக்கும் அதே பதவிதான். (அந்தப் பதவியும் அன்று பெரிதல்ல, குறுக்காக ஒரு கட்டம். அது பலம் வாய்ந்த இராணியானது பதினைந்தாம் நூற்றாண்டின் பிற்பகுதி ஐரோப்பாவில்.) நம் படைப்போர் இலக்கியங்களிலோ படிவரிசை என்பதே கிடையாது. 'சக்கூன் படைப்போர்' போன்றவற்றில் வீரன் முழுமையாக வந்து இறங்குகிறான். அந்த மரபைத் தேடி ஆவணப்படுத்திய ம.மு. உவைஸ் போன்றோரின் உழைப்புக்குப் பிறகும், அதில் காயக்காரன் எங்கே கிடக்கிறான் என்ற கேள்வியை நாம் கேட்கவில்லை. வெஸ்நொத்தை மாத்திரம் குற்றவாளிக் கூண்டில் ஏற்றுவது நியாயமாகாது.

2018 மே மாதம் வந்த 1.14 பதிப்பில் 'கலிபாத்' இல்லை. அதே மக்கள், அதே குதிரை, அதே தீ. பெயர் 'டியூன்ஃபோக்', மணல்மேட்டு மக்கள். ஜுந்தியும் ஆரிஃபும் ராமியும் போய், எல்லாம் ஆங்கிலத்தில் மணல் ஒட்டிய பெயர்களாயின. ஹகீம் மூலிகைக்காரரானார். 1.12 வெளிவந்த அதே 2014இன் ஜூனில்தான் ஈராக்கில் ஓர் ஆயுதக் கும்பல் தன்னைக் கிலாபத் என்று பிரகடனம் செய்திருந்தது. எண்ணத்தை ஊகிக்க நான் வரவில்லை. எல்ஃபுகள் வாழும் உலகில் கலீபாவின் ஆட்சிக்கு என்ன வேலை என்ற நியாயமான கேள்வியும் இருந்திருக்கலாம். ஆனால் வாசகனாக எனக்கு நேர்ந்தது இழப்பு. ஆரிஃபைக் கீழே வைத்தது தவறு என்று நான் சண்டை பிடிக்க முடிந்தது. ஹகீமைக் கொல்ல வைத்தாயே என்று கேட்க முடிந்தது. மணல்மேட்டோடு என்ன சண்டை பிடிப்பது?

எங்கள் ஒழுங்கையில் அந்தப் பெயர் அழிந்ததற்கு வேறு வரலாறு. பொடியன்மாரிடம் இருந்தது பழைய பதிப்புத்தான். 2019 ஏப்ரல் 21ஆம் திகதிக்குப் பின் வந்த வாரங்களை இதழின் வாசகர்களுக்கு நினைவூட்ட வேண்டியதில்லை. அறபு எழுத்துள்ள நூல்களை எங்கே வைப்பதென்று தெரியாமல் வீடுகள் தவித்தன. கப்பற் சுக்கான் படம் போட்ட உடுப்புக்காக மே மாதத்தில் ஒரு பெண் கைதானாள். ஓரிரவு அந்த உம்மா, "மகன், கொம்பியூட்டர்ல அந்த கேம்ல கிலாபத் எண்டு ஈக்கிதாமே, அத அழிச்சிடுங்க" என்றிருக்கிறார். யார் சொல்லிக் கேள்விப்பட்டாரோ. நானாக்காரன் மறுபேச்சுப் பேசாமல் முழுவதையும் அழித்துவிட்டான். ஐந்து வருடத்துக்கு முன் வெளியான, ஜுந்தியும் ஹகீமும் மாத்திரம் உள்ள, ஒரு பொம்மைப் படை. மறுநாள் என்னிடம் அதைச் சொன்னபோது அவன் கவலைப்பட்டது ஹகீமைப் பற்றித்தான். அவர் தபீபாக இன்னும் நான்கு புள்ளிதான் மிச்சமாம்.

பிறகு அவன் கணினிப் படிப்புக்குப் போனான். ஒருநாள் புதிய பதிப்பை இறக்கி வைத்துக்கொண்டு என்னைக் கூப்பிட்டான். மூலிகைக்காரரின் கோப்பைத் திறந்து தமிழில் 'ஹகீம்' என்று எழுதியிருந்தான். அதோடு நில்லாமல் விதியையும் மாற்றியிருந்தான்: காயம்பட்ட ஒருவனின் பக்கத்தில் ஹகீம் ஒரு சுற்று நின்றால் ஒரு புள்ளி. எனக்கு உள்ளம் நிறைந்தது. நான் ஓர்க்குப் படையை எடுத்துக்கொண்டேன், தம்பிக்காரன் எதிரே. பத்துச் சுற்றுக்குள் அவன் என்ன செய்கிறான் என்று விளங்கிவிட்டது. ஒரு போர்வீரனை ஹகீமின் பக்கத்தில் வைத்திருந்தான். காயம் ஆறியதும் அவனை என் ஓர்க்கு ஒன்றின் முன்னால் அனுப்பி, நன்றாக ஓர் அடி வாங்க வைத்து, திரும்பக் கூட்டிக்கொண்டு வந்தான். மறுபடி ஆற்றினான். மறுபடி அனுப்பினான். ஹகீம் யாரையும் கொல்லாமல் மளமளவென்று புள்ளி சேர்த்துக்கொண்டிருந்தார்.

நானாக்காரன் சிரிக்கவில்லை. ஆட்டத்தை நிறுத்தச் சொல்லிவிட்டு, கோப்பை மறுபடி திறந்து வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தான்.