கடலைக் கேளாத வாய்மொழி வரலாறு

மன்னார்த் தீவு முஸ்லிம்களின் நினைவுகளைப் பதிவு செய்யும் நேர்காணல்களையும் கட்டுரைகளையும் அண்மையில் ஒருசேர வாசிக்க நேர்ந்தது. ஏறத்தாழ எல்லாமே ஒரே கேள்வியில்தான் தொடங்குகின்றன: தொண்ணூறில் என்ன நடந்தது?

கேட்கப்பட வேண்டிய கேள்விதான். 1990 ஒக்டோபர் இறுதியில் விடுதலைப் புலிகள் வட மாகாணத்தின் ஐந்து மாவட்டங்களிலிருந்தும் ஏறத்தாழ 75,000 முஸ்லிம்களை வெளியேற்றினர். எருக்கலம்பிட்டி, தாராபுரம், உப்புக்குளம் முதலிய தீவு ஊர்களின் மக்கள் பலர் வள்ளங்களில் கற்பிட்டிக் கரைக்கு வந்து இறங்கினர். இழப்புகளை ஆராய்ந்து 2001இல் ஆங்கிலத்தில் நூலாக்கிய பேராசிரியர் எஸ்.எச். ஹஸ்புல்லாஹ்வின் (2018இல் காலமானார்) உழைப்பும், 2009இல் தொடங்கிய பிரஜைகள் ஆணைக்குழு சாட்சியங்களைத் திரட்டி 2011இல் வெளியிட்ட அறிக்கையும் இல்லாவிட்டால் அந்நாட்கள் வெறும் வதந்தியாகவே எஞ்சியிருக்கும். வெளியேற்றத்தை நிறுவுவதே அப்பணிகளின் நோக்கம். அவற்றில் குறை காண்பதற்கில்லை. ஆணைக்குழுவின் கேள்வியையே கடன் வாங்கிக்கொண்டு போன இலக்கியக்காரர்கள் மீதுதான் என் விமர்சனம்.

நான் கற்பிட்டிப் பக்கத்துக் கிராமப் பாடசாலையொன்றில் படிப்பிக்கிறேன். என் மாணவர்களின் பாட்டன்மாரில் பலர் தீவுக் கடலில் தொழில் செய்தவர்கள். தொண்ணூறைப் பற்றிக் கேட்டால் அவர்கள் தடங்கலின்றிச் சொல்வார்கள். பல தடவை பலருக்குச் சொல்லித் தேய்ந்த பேச்சு அது. வலையைப் பற்றிக் கேட்டால் பேச்சு நின்றுவிடுகிறது. "அதெல்லாம் ஆரு சேர் கேக்குறா?" என்றார் ஒருவர். பிறகு கை அசையத் தொடங்கியது. கண்ணியின் அளவை விரலாற் காட்டினார். களங்கண்ணி வலைக்குக் கம்பு நடும் இடத்தை நீரின் நிறம் பார்த்துத் தெரிந்த விதத்தைச் சொன்னார். அன்று நான் கேட்டவற்றில் பாதியை எந்தப் பதிவிலும் கண்டதில்லை.

பதிவானவையும் எப்படி அச்சேறுகின்றன? கடற்பயணத்தை விவரிக்கும் ஒரு சாட்சியத்தில் "பலத்த காற்று வீசியது" என்றிருந்தது. கடற்றொழிலாளி எவரும் அப்படிச் சொல்லமாட்டார். அவருக்குச் சோளகம் உண்டு, கச்சான் உண்டு, வாடை உண்டு, கொண்டல் உண்டு. வெறும் காற்று என்று ஒன்று கிடையாது. ஒக்டோபர் என்பது சோளகம் ஓய்ந்து வாடை பிறக்கும் இடைக்காலம். எந்த நேரத்தில் எந்தப் பக்கமிருந்து அடிக்கும் என்று நம்பமுடியாத அந்த நாட்களில், பெண்களையும் பிள்ளைகளையும் நிறைத்த வள்ளத்தைத் தெற்கே செலுத்தியவரின் அச்சம் காற்றின் பெயரில்தான் இருக்கிறது. செம்மைப்படுத்துகிறேன் பேர்வழி என்று பெயரை எடுத்துவிட்டால் அச்சமும் போய்விடுகிறது.

தீவுக்கு இரண்டு கடல். தெற்கே மன்னார் வளைகுடா, வடக்கே பாக்கு நீரிணைப் பக்கம். சோளகத்தில் தென்கடல் கொந்தளித்தால் வடகடலில் தொழில், வாடையில் மறுதலை. ஒரு குடும்பத்தின் வருடம், கடன், கலியாணம் எல்லாமே இந்த மாறுதலோடு பின்னிக் கிடந்தவை. இதைத் தெரியாத எழுத்தாளர் எழுதும் அகதிக் கதையில் கடல் ஒரு பின்னணிச் சீலையாகத் தொங்குகிறது.

இந்தக் கடலைப் பற்றி எழுத்தே இல்லையென்றும் சொல்வதற்கில்லை. முத்துச் சிப்பிகளைப் பற்றி ஹேர்ட்மன் 1903 முதல் 1906 வரை ஐந்து பாகங்களில் அறிக்கை எழுதினார். சிப்பிக்குக் கிடைத்த ஐந்து பாகம் சூடையும் பாறையும் பிடித்தவனுக்குக் கிடைக்கவில்லை.

அறிவு அழிகிறதே என்ற ஏக்கத்தோடு மட்டும் இதை எழுதவில்லை. 2009இல் யுத்தம் முடிந்தபின் திரும்பியவர்கள் முதலில் சந்தித்த பிணக்குகளுள் இறங்குதுறை யாருடையது, கரைவலைப்பாடு யாருக்குரியது என்பனவும் உண்டு. காணிக்கு உறுதி காட்டலாம்; தண்ணீருக்கு எதைக் காட்டுவது? இன்னார் இந்தப் பாட்டில் இந்த முறையில் வலை வளைத்தார், பக்கத்துக் கத்தோலிக்கச் சம்மாட்டியோடு இன்ன ஒழுங்கில் முறை மாற்றிக்கொண்டார் என்ற வாய்ச்சொல்லே பல இடங்களில் மிஞ்சியிருக்கிறது. அச்சொல் இரு சமூகத்து முதியவர்களிடமும் இருக்கிறது. நமது பதிவாளர்கள் நமது முதியவர்களிடம் மட்டுமே போகிறார்கள். அயலவர் சொல்வது நமக்குச் சாதகமாகவே இருக்கக்கூடும் என்று எவரும் எண்ணிப் பார்த்ததாகத் தெரியவில்லை.

பெண்களிடம் போனவர்கள் அழுகையை மாத்திரம் எடுத்து வந்தார்கள். எந்த மீனுக்கு எவ்வளவு உப்பு, மழை இருட்டினால் காய்ந்தும் காயாத கருவாட்டை என்ன செய்வது, வியாபாரியிடம் விலை பேசியது யார் என்ற கேள்விகள் அவர்களிடம் இன்னும் போய்ச் சேரவில்லை. தொண்ணூறில் ஐம்பது வயதாயிருந்த ஒருத்திக்கு இப்போது எண்பத்தைந்து தாண்டிவிட்டது.