ஆயிஷா பாடலாமா?

ஜவ்வாது மலையில் ஜமுனாமரத்தூருக்குப் பக்கத்துக் கிராமம் ஒன்றில் வேலை பார்க்கும் ஆசிரியை ஒருவர் சென்ற வருஷம் என்னைப் போனில் கூப்பிட்டார். பள்ளிப் பிள்ளைகளும் ஊர்க்காரர்களுமாகச் சேர்ந்து ஒரு நாடகம் போடப் போகிறார்கள், இரா. நடராசனின் 'ஆயிஷா' என்ற குறுநாவலை எடுத்துக்கொண்டிருக்கிறார்கள். வசனம் தயாராகிவிட்டது. பாட்டுத்தான் வேண்டும். "பாட்டில்லாமல் நாடகம் போட்டால் இங்கே யாரும் உட்கார மாட்டார்கள்" என்றார்.

நாவல் எழுதுகிறவனைப் பாட்டெழுதச் சொன்னால் சபலம் தட்டத்தான் செய்யும். ஏழு பாட்டுகளை எழுதி எடுத்துக்கொண்டு போளூரில் மலைக்குப் பஸ் ஏறினேன். அவற்றில் ஐந்து உபயோகப்படவில்லை. ஏன் உபயோகப்படவில்லை என்பதைத்தான் இங்கே எழுத நினைக்கிறேன்.

'ஆயிஷா'வைப் படித்தவர்கள் நம்மிடையே நிறைய உண்டு. படிக்காதவர்களுக்காக இரண்டு வார்த்தை. விஞ்ஞானப் புத்தகம் எழுதிய ஓர் ஆசிரியை அந்தப் புத்தகத்துக்கு எழுதும் முன்னுரைதான் முழுக் கதையும். ஆயிஷா அவளிடம் படித்த சிறுமி. கேட்பதற்கு அவளிடம் கேள்விகள் ஏராளம். பதில் தெரியாதவர்கள் அவளை அடிக்கிறார்கள். அடி வலிக்காமல் இருப்பதற்காக, உடம்பு மரத்துப்போகும் மருந்தைத் தன்மேலேயே சோதித்துப் பார்த்து அந்தப் பெண் செத்துப் போகிறாள். ஆசிரியை உயிரோடிருக்கிறாள், முன்னுரை எழுதுகிறாள். சில பக்கங்களே கொண்ட இந்தக் கதை தமிழ்நாட்டில் எத்தனையோ ஆசிரியர்களைத் தூங்கவிடாமல் செய்திருக்கிறது. குறும்படமாகவும் வந்தது.

நான் எழுதிய முதல் பாட்டு, ஆயிஷா மேடைக்கு வரும்போது பாட வேண்டிய பாட்டு. அதில் நட்சத்திரங்களை வைத்திருந்தேன். காரணமில்லாமல் இல்லை. அதே ஜவ்வாது மலையில்தான் காவலூர் வானாய்வுக்கூடம் இருக்கிறது. 1986-ல் இயங்கத் தொடங்கிய 93 அங்குலத் தொலைநோக்கி அங்கே இருக்கிறது. யுரேனஸ் கிரகத்துக்கு வளையங்கள் உண்டென்று 1977-ல் கண்டறியப்பட்டதில் காவலூருக்கும் பங்குண்டு. இத்தனையையும் பாட்டில் ஏற்றினால் மலைப் பிள்ளைகளுக்குத் தங்கள் ஊர்க் கதையாகவே இருக்கும் என்று கணக்குப் போட்டேன். ஒன்பதாவது படிக்கும் ஒரு பெண் கணீரென்று பாடினாள். எல்லோரும் கைதட்டினார்கள்.

கைதட்டாதவர் ஒருவர்தான். போளூர்ப் பக்கத்திலிருந்து பிள்ளைகளுக்கு அடவு சொல்லிக் கொடுக்க வந்திருந்த பெரியவர். தெருக்கூத்தில் பல வருஷம் கட்டியங்காரனாக நின்றவர். டீ குடிக்கும்போது கேட்டேன்.

"பாட்டு பிடிக்கவில்லையா, பெரியவரே?"

"பாட்டு நல்லாத்தான் இருக்குது சார். கேள்வி கேக்கற பொண்ணுன்னு சொன்னீங்க. வந்ததும் வராததுமா எல்லாத்தையும் பாடி முடிச்சுடுது. அப்புறம் அது இன்னாத்த கேக்கும்?"

நான் விடவில்லை. "கூத்தில் எல்லா வேஷமும் பாடிக்கொண்டுதானே வருகிறது?"

"துரியோதனன் பாடறான். தான் யாருன்னு அவனுக்குத் தெரியும். இந்தப் பொண்ணு இன்னும் தெரிஞ்சிக்கவே இல்லையே சார். அதனாலதான கேக்குது?"

என்னிடம் பதில் இல்லை. இரவெல்லாம் யோசித்துப் பார்த்தேன். நான் செய்த தவறு எனக்கு மட்டும் உரியதல்ல என்று பட்டது. நாவலில் ஒரு பாத்திரத்தின் மனம் எழுத்துக்குப் பின்னால் ஒளிந்திருக்கிறது. அதை மேடையில் காட்ட வேண்டுமென்றதும் நாம் செய்கிற முதல் காரியம், அந்த மனத்தைப் பாட்டாக்கி அந்தப் பாத்திரத்தின் வாயிலேயே போடுவது. சில கதைகளுக்கு இது பொருந்தும். கனடாவில் எட்வர்ட் இளவரசர் தீவில் 'பச்சைக் கூரை வீட்டு ஆன்' என்ற நாவலை 1965 முதல் பாட்டு நாடகமாகப் போட்டு வருகிறார்கள். 1908-ல் வெளிவந்த நாவல்; பெரும்பாலும் சிறு வயதினர் படிப்பது. அதன் கதாநாயகி ஆன் ஓயாமல் பேசுகிறவள். பேச்சுப் பெருகிப் பாட்டானால் அவளுக்கு அது இயல்பு. ஆயிஷா அந்த ரகமல்ல. அவள் கேள்வி கேட்டுவிட்டுப் பதிலுக்காகக் காத்து நிற்பவள். காத்து நிற்பவளைப் பாடச் சொன்னால் அவளுடைய காத்திருப்பைக் கெடுத்துவிடுகிறோம்.

இதற்கு நல்ல உதாரணம் வெகு தூரத்தில் இல்லை. அதே திருவண்ணாமலை மாவட்டத்துப் புரிசையில் இருக்கிறது. புரிசைக் கண்ணப்ப சம்பந்தன் குழுவினர் பாரதக் கதைகளோடு நிற்காமல், கார்சியா மார்க்கேஸின் ஒரு கதையையும் கூத்தாக்கி ஆடியிருக்கிறார்கள். பிரம்மாண்டமான சிறகுகளுடன் ஒரு கிழவர் ஓர் ஊரில் வந்து விழுகிற கதை அது. 1968-ல் எழுதப்பட்டது, குழந்தைகளுக்கான கதை என்றே மார்க்கேஸ் அதற்குத் துணைத் தலைப்பு வைத்தார். அந்தக் கிழவர் பேசுவது யாருக்கும் புரிவதில்லை. ஊர்தான் பேசுகிறது. பாதிரியார், வேடிக்கை பார்க்க வந்தவர்கள், காசு வசூலிக்கும் வீட்டுக்காரர்கள் எல்லோரும் பேசுகிறார்கள். வாயடைத்த ஒருவரை நடுவில் வைத்துச் சுற்றி நிற்பவர்களை அம்பலப்படுத்தும் கதை. வந்தவரையெல்லாம் நிறுத்திக் கேள்வி கேட்கும் கட்டியங்காரன் உள்ள கலைக்கு இது அந்நியமான கதையே அல்ல என்று எனக்குத் தோன்றுகிறது.

மறுநாள் காலையில் ஆயிஷாவின் பாட்டுகளை எல்லாம் அடித்துவிட்டேன். பாட்டை ஆசிரியைக்குக் கொடுத்தோம். இரண்டு பேர் திரையைப் பிடித்துக்கொண்டு நிற்கிறார்கள். முகவீணையும் மிருதங்கமும் முழங்குகின்றன. திரைக்குப் பின்னாலிருந்து ராஜா வரவில்லை. சாக்பீஸ் கையோடு ஒரு டீச்சர் வருகிறாள். நீ யார், என்ன கற்றுக் கொடுத்தாய் என்று கட்டியங்காரன் கேட்கிறான். அவள் பெருமையாகத் தன் படிப்பைப் பாடுகிறாள். பின்பாட்டுக்காரர்கள் வாங்கிப் பாடுகிறார்கள். பாட்டின் நடுவே, பெஞ்சில் உட்கார்ந்திருக்கும் ஆயிஷா எழுந்து, வெறும் பேச்சில், ஒரே ஒரு கேள்வி கேட்கிறாள். தாளம் நின்றுபோகிறது.

நாவலின் உருவத்துக்கும் இதுதான் நியாயம். அது ஆசிரியையின் முன்னுரை. அதாவது அவளுடைய வாக்குமூலம். ஆயிஷாவுக்குப் பாட்டெழுதியபோது நான் அந்த வாக்குமூலத்தை அழித்து, இரக்கத்துக்குரிய ஒரு பெண்ணின் கதையாக ஆக்கிக்கொண்டிருந்தேன். இரக்கப்படுவது நமக்குச் சுலபம். கண்ணைத் துடைத்துக்கொண்டு வீட்டுக்குப் போய்விடலாம்.

ஊர் நாடகத்தில் அப்படிப் போக வழியில்லை. பட்டணத்துச் சபாவில் பார்க்கிறவர் வேறு, பார்க்கப்படுகிறவர் வேறு. இங்கே முன்வரிசையில் இருப்பவர்கள் ஆசிரியர்கள், அடுத்த வரிசையில் தகப்பன்மார், தரையில் பிள்ளைகள். பள்ளியில் பிள்ளைகளை அடிப்பதை 2009-ம் வருஷத்துக் கல்வி உரிமைச் சட்டம் தடை செய்திருக்கிறது. சட்டத்துக்குத் தெரியாமல் விழும் அடி எத்தனை என்று தரையில் உட்கார்ந்திருப்பவர்களுக்குத்தான் தெரியும். தாளம் நின்றபோது அந்தப் பிள்ளைகள் மேடையைப் பார்க்கவில்லை. திரும்பி முன்வரிசையைப் பார்த்தார்கள். என்னைக் கூப்பிட்ட ஆசிரியைதான் டீச்சர் வேஷம் போட்டிருந்தார். அந்த இடத்தில் அவருக்கு அடுத்த அடி மறந்துபோயிற்று. அல்லது பாட முடியவில்லை. கட்டியங்காரப் பெரியவர் மறுபடியும் முதலிலிருந்து, "நீ யாரம்மா?" என்று கேட்டார். எங்கள் பிரதியில் அது இல்லை. இப்போது சேர்த்திருக்கிறோம்.

ஒரு விஷயத்தில் மட்டும் அவரும் நானும் ஒத்துப்போகவில்லை. கூத்து என்றால் முடிவில் மங்களம் பாட வேண்டும் என்றார் அவர். குழந்தை செத்துக் கிடக்கும்போது மங்களமா என்றேன் நான். படுகளத்தில் எத்தனை பேர் விழுந்தாலும் விடிந்தால் மங்களம் உண்டு, வீட்டுக்குப் போகிற ஜனங்களுக்காகப் பாடுவது அது என்றார். பாடினார்கள். எனக்கு இன்னும் சம்மதமில்லை. இந்தக் கதைக்கு மங்களம் கூடாது, ஜனங்கள் சங்கடத்தோடேயே எழுந்து போகட்டும் என்பதுதான் என் கட்சி. அடுத்த வருஷமும் போடுவதாகச் சொல்லியிருக்கிறார்கள். அப்போது திரும்பவும் கேட்டுப் பார்க்கலாம் என்றிருக்கிறேன்.